நீலகிரியில் வெளியில் உட்கார்ந்து ஆயில் பெயின்டிங்: முதல் படத்துக்கான செய்முறை

தேயிலைச் சரிவைப் பார்த்ததும், புதிதாக வரைய வருபவரின் கை நேராகப் பச்சை டியூபுக்குத்தான் போகும். அந்த டியூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மலையில் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது சரியாக அமைந்துவிட்டால், பச்சை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மலை மலையாகவே தெரியும்.

எப்போது, எங்கே

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காலையில் தூரத்து மலைகள் தெளிவாகத் தெரியும். ஏழரை மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குள் எழுந்துவிடலாம். அதற்கு மேல் வெயிலின் கோணம் மாறி, நிழல்கள் வேறு இடத்துக்குப் போய்விடும்.

முதல் படத்துக்கு ஊட்டி–குன்னூர் சாலையிலிருந்து தெரியும் கேத்தி பள்ளத்தாக்கைச் சொல்வேன். படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்கள், செம்மண், நடுவில் ஊர்கள், பின்னால் அடுக்கடுக்காக மலை என்று எல்லாம் பெரிய பெரிய வடிவங்களாகப் பிரிந்து கிடக்கும். சாலை வளைவில் மட்டும் உட்காராதீர்கள். எஸ்டேட்டுக்குள் போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. காட்டெருமை தேயிலைக்குள் நின்றால், சாமானை அப்படியே விட்டுவிட்டு மெல்ல விலகிவிடுங்கள்.

பையில் என்ன வேண்டும்

ஐந்து டியூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், கிரிம்சன் சிவப்பு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). வெள்ளை மட்டும் பெரிய டியூபாக இருக்கட்டும், அதுதான் முதலில் தீரும். பன்றிமுடித் தட்டை பிரஷ் மூன்று, ஒரு பாலெட் கத்தி, பழைய பனியன் துணி, எட்டுக்குப் பத்து அங்குல கேன்வாஸ் போர்டு. இதைவிடப் பெரிய போர்டு ஆரம்பத்தில் வேண்டாம், ஒரு காலைக்குள் நிரப்ப முடியாது.

1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். இன்று நாம் ஆயில் பெயின்டை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேற முடிவது அந்த டியூபால்தான்.

பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைனைத் திருகு மூடி போட்ட சிறிய எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். தீப்பற்றும் பொருள் என்பதால் ரயிலில் கொண்டுவரக் கூடாது. அது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை: பிரஷைத் துணியில் நன்றாகத் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் தொட்டு, மறுபடி துடைத்தால் வேலை நடக்கும். சாம்பல் நிறமோ கறுப்போ உடுத்துங்கள். சிவப்புச் சட்டை வெயிலில் போர்டின் மேல் தன் நிறத்தை வீசும்.

வரையும் வரிசை

முந்தின நாளே போர்டில் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் தடவி, துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் போர்டில் எந்த நிறம் வைத்தாலும் இருட்டாகத் தெரிந்து ஏமாற்றும்.

இடத்துக்கு வந்ததும் போர்டும், வண்ணம் கலக்கும் பலகையான பாலெட்டும் ஒரே நிழலில் இருக்கும்படி உட்காருங்கள். காற்று அடித்தால், போர்டை நிறுத்தும் தாங்கியான ஈஸலின் நடுவில் ஒரு பையில் கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள். அட்டையில் செவ்வக ஓட்டை வெட்டி, அதன் வழியே பார்த்து ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மெல்லிய பழுப்புக் கோட்டில் நான்கைந்து வடிவங்களை மட்டும் பிரியுங்கள்: வானம், கடைசி மலை, நடு மலை, சரிவு, மரக்கூட்டம்.

இப்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். இலை, கிளை எல்லாம் மறைந்து வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மட்டும் நிற்கும். பெரும்பாலும் வானம்தான் மிக வெளிச்சம். அடுத்தது வானத்தைப் பார்த்துக் கிடக்கும் சமதரை, அதற்கடுத்து சரிவுகள், கடைசியாக நிமிர்ந்து நிற்கும் மரங்கள். நிழல்களை முதலில் அடைத்துவிடுங்கள். பிறகு சூரியன் எங்கே நகர்ந்தாலும் அந்த நிழலை மாற்றக் கூடாது.

அப்புறம்தான் பச்சை. ஒரு தேயிலைச் செடியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கிள்ளிக் கிள்ளி மட்டமான மேற்பரப்பில் இளந்தளிர் மஞ்சளாக இருக்கும், அதே தளத்தில் முற்றிய இலையின் பளபளப்பு வானத்தை வாங்கி நீலம் கலந்த வெள்ளையாக அடிக்கும். பக்கவாட்டிலோ இலைக்குக் கீழே தண்டும் நிழலும் சேர்ந்து ஏறக்குறைய பழுப்பு. ஆக, ஒரே செடியில் மூன்று கலவை: தளிருக்கு மஞ்சளில் துளி நீலமும் வெள்ளையும், பளபளப்புக்கு வெள்ளையில் துளி நீலம், பக்கவாட்டுக்கு நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கொஞ்சம் மஞ்சளும். தூரத்தில் வரிசை வரிசையாகத் தெரிவது இந்த மேற்பரப்பும் பக்கவாட்டும் மாறி மாறி வருவதுதான். ஒவ்வொரு செடியாக வரைய வேண்டாம்; இருண்ட நிறத்தைப் பரப்பி, அதன் மேல் வெளிச்சப் பட்டைகளை இழுத்தால் தோட்டம் வந்துவிடும்.

யூகலிப்டஸ் பச்சையைவிடச் சாம்பலுக்குத்தான் பக்கம். பச்சைக் கலவையில் வெள்ளையும் துளி கிரிம்சனும் சேர்த்தால் பிடிபடும். சோலைக்காட்டின் உச்சியில் துளிர் விடும் காலத்தில் செம்பு நிறம் தெரியும், அதைத் தவறவிடாதீர்கள்.

தூரத்து மலைக்குப் போகப் போக மஞ்சளைக் குறைத்து, நீலத்தையும் வெள்ளையையும் கூட்டுங்கள். நடுவிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால்தான் மலை நீலமாகத் தெரிகிறது. கடைசி மலை வானத்தைவிட ஒரே ஒரு படி இருட்டாக இருந்தால் போதும். எனக்கு இந்த இடம்தான் படத்திலேயே பிடித்த இடம், நிதானமாகச் செய்யுங்கள்.

அடித்தளம் மெல்லியதாகவும், மேலே வரும் வெளிச்சம் தடிமனாகவும் இருக்கட்டும். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, கூடின பூச்சு மேலே என்பதுதான் விதி; மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.

மூடுபனி வந்துவிட்டால்

ஏற்கெனவே அடைத்த நிழலை நம்பித் தொடரலாம். காட்சி முழுக்க மறைந்துவிட்டால் பனியையே இன்னொரு சின்னப் போர்டில் வரையுங்கள்: வெள்ளை, துளி நீலம், துளி சியன்னா, முன்னால் ஒரு சில்வர் ஓக் மரம். தூறல் போர்டில் விழுந்தால் பதற வேண்டாம். எண்ணெயோடு தண்ணீர் கலக்காது, சாய்த்தால் வழிந்துவிடும்.

வீடு திரும்ப

ஈரப் படத்தின் நான்கு மூலையிலும் சிறு தக்கைத் துண்டுகளை வைத்து, அதன் மேல் வெற்றுப் போர்டைக் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். குளிரில் அது மெதுவாகும் என்பதால் மலையில் கூடுதல் நாள் பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில் நிற்க வையுங்கள். துடைத்த துணிகளைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, மூடி போட்ட தகர டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள்.