பயாஸ் புதுப்பித்தபின் இயங்க மறுத்த மடிக்கணினி

சென்ற மாதம் என் மடிக்கணினியின் பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கி வன்பொருளைத் தயார்செய்யும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து, அது தானாக மறுபடி தொடங்கியபோது, நிறுவனச் சின்னம் தோன்றி மறைந்த சில நொடிகளில் நீலத் திரை வந்து நின்றது. அடியில் 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' (விண்டோஸ் இருக்கும் சேமிப்பகத்தை அணுக முடியவில்லை) என்றிருந்தது. மூன்று முறை அணைத்துப் போட்டும் அதே திரைதான். தங்கையின் திருமணப் படங்கள் அனைத்தும் அதில் இருந்ததால் மனம் பதறியது.

விண்டோஸை மீண்டும் நிறுவச் சொன்ன நண்பரின் யோசனையை நான் ஏற்கவில்லை. விண்டோஸும் கோப்புகளும் இருக்கும் சேமிப்பகமான எஸ்எஸ்டி முற்றிலும் பழுதாகியிருந்தால் பயாஸ் பட்டியலிலும் அது பெரும்பாலும் தெரியாது என்பதால், எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இயக்கி, உள்ளே சென்று பார்த்தேன். 512 ஜிபி எஸ்எஸ்டி பட்டியலில் இருந்தது. ஆனால் சேமிப்பகப் பகுதியில், எஸ்எஸ்டியுடன் கணினி தொடர்புகொள்ளும் முறை முன்பு ஏஎச்சிஐ என்றிருந்தது, இப்போது ரெய்டு என மாறியிருந்தது. புதுப்பித்தல் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிட்டதால், விண்டோஸால் தன் எஸ்எஸ்டியையே அணுக முடியவில்லை. ஏஎச்சிஐக்கு மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்தேன்.

அடுத்து, சேமிப்பகத்தைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டது. பயாஸ் மாறியிருப்பது டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் பதிவில் தெரிந்தால் இப்படிக் கேட்பது இயல்பே. கைப்பேசியில் என் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அதில் சேமிக்கப்பட்டிருந்த குறியீட்டைப் பார்த்து, ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளையும் நிதானமாக உள்ளிட்டதும் முகப்புத் திரை வந்தது. இப்போது புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்தி, பயாஸ் அமைப்புகளைப் படமெடுத்து வைத்துக்கொள்கிறேன்.