சொல்லிச் செய்யும் எலெக்ட்ரிக் கிட்டார்: பணம் கட்டும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. திருமண விருந்து, கோயில் திருவிழா, பள்ளிக்கூடக் கலை இரவு என்று ஏதாவது ஒரு மேடை வந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சம் கைத்தேர்ச்சி வந்ததும் பலருக்கும் அடுத்த ஆசை வந்துவிடும். கடையில் தொங்குகிற கிட்டார் வேண்டாம், என் கைக்கு ஏற்ற மாதிரி ஒன்றைச் சொல்லிச் செய்ய வேண்டும் என்பார்கள். நல்ல ஆசைதான். ஆனால் ஈப்போவில் ஒரு கடைக்குப் போனால் வாசித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். சொல்லிச் செய்யும்போது பணம் முதலில் போகிறது, கிட்டார் பல மாதம் கழித்து வருகிறது. ஏமாற்றத்துக்கான விதை பெரும்பாலும் பலகையை அறுப்பதற்கு முன்பே விழுந்துவிடுகிறது.

எங்கள் வட்டத்தில் ஒரு தம்பிக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுத்து ஒரு கிட்டார் செய்யச் சொன்னான். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளியாக இருக்கிற நாட்டில் இது எவ்வளவு பெரிய பணம் என்று சொல்ல வேண்டியதில்லை. செய்தவர் மோசடிக்காரர் அல்ல, திறமையான தச்சர்தான். இருந்தும் வந்து சேர்ந்த கிட்டார் மேடைக்கு உதவவில்லை.

அவன் ஆர்டர் கொடுத்த விதத்திலேயே சிக்கல் தொடங்கியது. "ஸ்ட்ராட் மாதிரி பாஸ், நெக் மட்டும் கொஞ்சம் ஒல்லியா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. அவ்வளவுதான். நெக், அதாவது கையில் பிடிக்கும் கழுத்து, ஒல்லி என்றால் எவ்வளவு? ஸ்ட்ராட் என்றால் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், அதில் எந்த வருடத்தது? செய்கிறவர் தன் மனத்தில் இருக்கிற ஒல்லியைத்தான் செய்வார். கிட்டார் விஷயத்தில் வார்த்தைகளை நம்பவே கூடாது, எண்களைக் கொடுக்க வேண்டும். ஃபெண்டர் வகையில் ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பில் கம்பி அமரும் பட்டை) பிரிட்ஜ் (உடலில் கம்பியைத் தாங்கும் பகுதி) வரை கம்பி அதிரும் நீளம், 25.5 அங்குலம், 648 மில்லிமீட்டர். கிப்சன் லெஸ் பால் வகையில் 24.75 அங்குலம், சுமார் 629. அதே கம்பியை அதே சுருதியில் கட்டினாலும் நீளமானதில் இழுவிசை அதிகம். நட்டின் அகலம் 42 மில்லிமீட்டரா 43-ஆ என்பதை விரல் உடனே கண்டுபிடிக்கும். ஃபிரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. நெக்கின் தடிமனை முதல் ஃபிரெட்டில் ஒன்று, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஒன்று என்று இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும்.

ஃபிங்கர்போர்டின் (நெக்கில் விரல் அழுத்தும் முகப்பு) வளைவு, அதாவது ரேடியஸ், நம் பாட்டுக்கு ரொம்ப முக்கியம். பழைய ஃபெண்டரில் அது 7.25 அங்குலம், இப்போதையவற்றில் பெரும்பாலும் 9.5, கிப்சனில் 12. எண் கூடக் கூட ஃபிங்கர்போர்டு தட்டையாகும். நாம் திரைப்பாட்டும் பக்திப்பாட்டும் வாசிக்கிறவர்கள். குரலும் நாதஸ்வரமும் வளைகிற இடத்தில் கம்பியை இழுத்துத்தான் அந்த வளைவைக் கொண்டுவருகிறோம். ரேடியஸ் சின்னதாக இருந்து, கம்பியும் தாழ்வாக இருந்தால், மேல் ஃபிரெட்டுகளில் கம்பியை இழுக்கும்போது அது அடுத்த ஃபிரெட்டில் உரசிச் சத்தமே செத்துவிடும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்காக, இரண்டிரண்டாக எட்டுக் கம்பி உள்ள வழக்கமான மாண்டலினை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பி கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை வாசித்தார். என்ன வாசிக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் கருவியின் அளவுக்குப் போக வேண்டும். உங்கள் கைக்குப் பிடித்த கிட்டார் நண்பரிடம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கி, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஒரு சாதாரணக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

அடுத்தது மரம். இதில்தான் தம்பிக்கு மனசு ரொம்ப நொந்தது.

அவனுடைய தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தப் பக்கம் மிஞ்சியிருந்த ரப்பர் மரங்களையும் வெட்டிச் செம்பனைக்கு மாற்றியபோது அவன் ஒரு துண்டை வாங்கி அறுத்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்கு அடியில் காய வைத்திருந்தான். தாத்தா வெட்டிய மரத்திலேயே கிட்டார். கேட்டபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. பக்கத்திலிருக்கும் கோலகங்சார்தான் 1877-இல் வந்த ரப்பர் கன்றுகளை நட்டுப் பார்த்த ஊர். நம் முன்னோரின் உழைப்பெல்லாம் அந்த மரத்தைச் சுற்றித்தான் நடந்தது. அதனால் அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மரத்தைப் பக்குவப்படுத்தாமல் விட்டதுதான் தவறு.

ரப்பர் மரம் கிட்டாருக்கு ஆகாத மரம் அல்ல. 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை அறுத்துத்தான் நம் நாட்டில் மேசை நாற்காலி செய்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். விலை குறைந்த கிட்டார்களிலும் அது உண்டு. ஆனால் அந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டும் வந்துவிடும். அதனால்தான் ஆலைகளில் அறுத்த உடனேயே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் வைத்து உலர்த்துகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்தால் இதில் ஒன்றும் நடக்காது. நம் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் எத்தனை வருடம் கிடந்தாலும் மரத்தின் ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது கடினம். கிட்டாருக்கு வேண்டியதோ 6 முதல் 10 விழுக்காடு.

கிட்டார் வந்து சில மாதம் கழித்து, பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே விரித்திருந்த கறுப்பு வெல்வெட்டில், கிட்டாரின் இடுப்பு பதிகிற இடத்தில், பவுடர் கொட்டின மாதிரி மெல்லிய தூள். கிட்டாரைப் புரட்டினால் பின்பக்கம் குண்டூசி முனை அளவில் நாலைந்து துளைகள். விரலால் தட்டினேன், இன்னும் கொஞ்சம் தூள் கொட்டியது. மரத்துக்குள்ளேயே முட்டையிலிருந்து வளர்ந்து, பெயிண்டையும் துளைத்துக்கொண்டு வண்டு வெளியேறியிருந்தது. முன்பக்கத்தில், இரண்டு பலகையை ஒட்டின கோடு பெயிண்டுக்கு மேலேயே ஒரு பள்ளமாகத் தெரிந்தது. மரம் ஏசி அறைக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் சுருங்கி விரிந்ததன் அடையாளம் அது.

குடும்ப நினைவாக ஒரு மரத்தைக் கொடுக்க நினைத்தால், அதை முதலில் மரம் பதப்படுத்தும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். கிட்டார் உடலின் தடிமன் சுமார் 45 மில்லிமீட்டர். அவ்வளவு தடித்த பலகை உலர நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தினால் பிளந்துவிடும். செய்கிறவரிடம் ஈரம் அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். அறுப்பதற்கு முன் அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மீட்டரே இல்லாதவரிடம் கிட்டார் செய்யக் கொடுக்காதீர்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எடையையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சாதாரண ஸ்ட்ராட் மூன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். விருந்து முடியும்வரை தோளில் மாட்டி நிற்கிறவருக்கு அரைக் கிலோ கூடினாலும் முதுகு சொல்லும்.

செய்கிறவரைத் தேர்ந்தெடுப்பதில் படங்களை நம்புவது இன்னொரு தவறு. படத்தில் எல்லாக் கிட்டாரும் மினுமினுக்கும். அவர் செய்து ஒரு மழைக்காலமாவது தாண்டிய கிட்டார் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அதைக் கையில் வாங்கி வாசித்துப் பாருங்கள். அலமாரி செய்வதில் கைதேர்ந்தவராகவே இருக்கலாம், ஆனால் அலமாரியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் யாருக்கும் தெரியாது. கிட்டாரில் அந்த ஒரு மில்லிமீட்டர் காதில் விழும்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். முன்பணம் ஒரு பங்கு, நெக்கும் உடலும் பொருத்தி, பெயிண்ட் அடிக்கும் முன் படம் வந்த பிறகு ஒரு பங்கு, வாசித்துப் பார்த்த பிறகு மிச்சம். "சாமான் வாங்கணும், முழுசா போட்டுடுங்க" என்று கேட்டால் சாமானை மட்டும் நீங்களே வாங்கிக் கொடுக்கலாம். அப்புறம், நடுவில் மனம் மாறாதீர்கள். தம்பி பாதியில் இன்னொரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) சேர்க்கச் சொன்னான். செய்தவர் மறுக்கவில்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தையால் முடியும் தேதி காணாமல் போனது. பிறகு எப்போது கேட்டாலும் "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க" என்பதே பதில். மாற்றியே ஆக வேண்டுமானால் புது விலை, புதுத் தேதி இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.

மின்சாரப் பகுதி சுலபம்தான். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் பெரும்பாலும் 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்), ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) என்றால் 500. மாற்றிப் போட்டால் ஓசை மங்கும் அல்லது கீச்சிடும். பிரிட்ஜுக்கு எர்த் வயர் போயிருக்க வேண்டும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கிட்டார் கைக்கு வரும் நாள்தான் எல்லாரும் கோட்டை விடுகிற நாள். பளபளப்பைப் பார்த்ததும் மிச்சப் பணத்தைக் கொடுத்துவிட்டு, படம் எடுத்துப் போட்டுவிட்டு, அன்று இரவுதான் வாசிக்க உட்காருவார்கள். தம்பி மறுநாள் என்னிடம் கொண்டுவந்தான். "அண்ணே, ட்யூன் பண்றேன், சும்மா அடிச்சா சரியா இருக்கு, மேல போனா பிசிறுது" என்றான். ட்யூனரை மாட்டிப் பார்த்தோம். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் விரலை லேசாக வைத்து எடுக்கும் ஹார்மோனிக்கும், அதே ஃபிரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு கம்பியிலும் அழுத்திய சுரம் ஏறியே நின்றது. சுரம் ஏறினால் சாடிலை, அதாவது பிரிட்ஜில் கம்பி அமரும் சின்னத் துண்டை, பின்னுக்கு நகர்த்திக் கம்பியை நீட்ட வேண்டும். திருப்புளியை வைத்தால், சாடில்கள் ஏற்கெனவே கடைசி மரைவரை பின்னுக்குப் போயிருந்தன. இனி நகர இடமே இல்லை.

டேப்பை எடுத்து அளந்தோம். நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் 324 மில்லிமீட்டர், சரியாக இருந்தது. அதைப் போல இரண்டு மடங்கு தூரத்தில், 648-இல், சாடில் இருக்க வேண்டும். தடித்த கம்பிகளுக்கு அதையும் தாண்டிச் சில மில்லிமீட்டர் வேண்டும். இங்கே பிரிட்ஜையே முன்னுக்குத் தள்ளித் திருகியிருந்தார்கள். அப்படியே விட்டால் அந்தக் கிட்டார் எந்தக் காலத்திலும் சுருதி சேராது. பிரிட்ஜைக் கழற்றி, பழைய துளைகளில் கெட்டி மரக் குச்சியை ஒட்டி அடைத்து, புதிதாகத் துளைக்கலாம்தான். ஆனால் சில மாதம் கழித்து அந்தத் தூளையும் துளைகளையும் பார்த்த பிறகு அந்த உடலுக்கு மேலும் செலவு செய்ய அவனுக்கு மனம் வரவில்லை. நல்ல வேளையாக நெக் திருகாணியில் பொருத்தியது. அதைக் கழற்றி வேறொரு உடலில் மாட்டி இப்போது வாசிக்கிறான். ஒட்டிப் பொருத்திய நெக்காக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். முதல் தடவை சொல்லிச் செய்கிறவர்கள் திருகாணி நெக்கையே கேளுங்கள்.

ஆகவே மிச்சப் பணம் கையில் இருக்கும்போதே, செய்தவர் முன்னிலையிலேயே பாருங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட் சோதனையை ஆறு கம்பியிலும் செய்யுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் எல்லா ஃபிரெட்டையும் ஒருமுறை அழுத்தி, பிசிறல் எங்கே என்று கேளுங்கள். இரண்டு ஓரக் கம்பியும் ஃபிங்கர்போர்டு விளிம்பிலிருந்து சமதூரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள், ஒருபக்கம் ஒதுங்கினால் நெக் கோணலாகப் பொருந்தியிருக்கலாம். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் சேர்த்து அழுத்தினால் நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் டிரஸ் ராடை, அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பியை, திருப்பச் சொல்லி, அது வேலை செய்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குறை வந்தால், "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. தெரிந்தவராச்சே, ஒரே ஊராச்சே என்று நம்மவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். 1999-ஆம் வருடப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், தெரிவித்த தேவைக்கு உதவ வேண்டும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. தொழிலாகச் செய்து விற்கிறவர் மீது மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். மரம் உங்களுடையது என்றால் மரத்தின் குறைக்கு அவரைப் பொறுப்பாக்குவது கடினம், ஆனால் பிரிட்ஜ் வைத்த இடம் முழுக்க அவருடைய வேலை. இரண்டையும் பிரித்து எழுதுங்கள். பணம் போட்ட ரசீது, அளவுப் பட்டியல், டேப் வைத்து அளக்கும்போது எடுத்த படம் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். பேசினது குரல் பதிவாக இருந்தால், அழிந்துபோகும் முன் ஒவ்வொன்றையும் கேட்டு, யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்று எழுதி, பதிவையும் தனியாகச் சேமித்து வைத்துவிடுங்கள்.