ஆங்கில ஏவல் வாக்கியம்: வினையில் இல்லாத மரியாதையை எங்கே வைப்பது?

தமிழில் ‘வா’, ‘வாங்க’, ‘வாருங்கள்’ என்று வினையிலேயே மரியாதை ஏறி இறங்கும். ஆங்கிலத்தில் ‘கம்’ ஒன்றுதான். லயத்து வீட்டு வாசலில் விளையாடும் தம்பிக்கும் அதுதான், தோட்டத்து டாக்டருக்கும் அதுதான். இலங்கை மலையகத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் விளங்க வேண்டியது இது.

வினையின் வெறும் அடிச்சொல்லை முதலில் வையுங்கள். அதோடு ‘டு’, ‘இங்’, ‘எஸ்’ எதுவும் ஒட்டக்கூடாது. நம்முடைய ‘நட’, ‘படி’யும் வெறும் அடிதானே. வரிசை மட்டும் புரளும். ‘நாளைக்குக் காலையில் கூடையைக் கொண்டு வா’ என்பதில் கடைசியில் நிற்கும் வினை அங்கே முன்னுக்கு வரும்: ‘பிரிங் த பாஸ்கெட் டுமோரோ மோர்னிங்’.

‘நீங்க உட்காருங்க’ என்று நினைத்து ‘யூ சிட்’ என்றால் அதட்டலாகக் கேட்கும். ‘யூ’ உள்ளேயே அடங்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள். ‘ப்ளீஸ் சிட் டவுன்’ போதும். ஆனால் ‘ப்ளீஸ்’ எல்லா இடத்திலும் காப்பாற்றாது. டிஸ்பென்சரியில் ‘ப்ளீஸ் கிவ் மீ த மெடிசின்’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை, என்றாலும் ஏவல் ஏவல்தான். பெரியவர்களிடமும் பழக்கமில்லாதவர்களிடமும் கேள்வியாகக் கேளுங்கள்: ‘குட் யூ கிவ் மீ த மெடிசின், ப்ளீஸ்?’ நம்முடைய ‘தர முடியுமா?’ மாதிரி. எழுதும்போது கேள்விக்குறி கட்டாயம். கேட்பவருக்கே நன்மையான காரியம் என்றால் வெறும் ஏவலே அன்பாக இருக்கும். வீட்டுக்கு வந்தவரிடம் ‘ஹேவ் சம் டீ’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

வேண்டாம் என்பதற்கு ‘டோன்ட்’ போட்டு, பின்னால் அடிச்சொல்: ‘டோன்ட் ரன்’. ‘டோன்ட் லேட்’ என்பது தவறு. ‘லேட்’ இங்கே வினை இல்லை, அதனால் ‘டோன்ட் பி லேட்’. ‘லேட்டாகாதே’யில் இருக்கும் ‘ஆகு’ செய்கிற வேலையைத்தான் இந்த ‘பி’ செய்கிறது. மழையில் வழுக்கும் படிக்கட்டில் ‘பி கேர்ஃபுல்’ என்பதும் இதே கணக்கு.

களைநாசினிப் போத்தலின் லேபிள் நல்ல பயிற்சி. ‘வேர் க்ளவ்ஸ்’ என்றால் கையுறை போடு. ‘கீப் அவுட் ஒஃப் ரீச் ஒஃப் சில்ட்ரன்’ என்றால் பிள்ளைகளுக்கு எட்டாமல் வை. எதை வைப்பது என்று அதில் இல்லை, கவனியுங்கள். லேபிளில் இடம் குறைவு, பொருளும் கையிலேயே இருக்கிறது, அதனால் விட்டிருக்கிறார்கள். பேச்சில் அப்படி விட முடியாது. தமிழில் ‘எடுத்துட்டு வா’ நிறைவாக நிற்கும், ஆங்கிலத்தில் வெறும் ‘பிரிங்’ அந்தரத்தில் தொங்கும். ‘பிரிங் இட்’ என்று சொல்லுங்கள்.