பூனைங்களுக்காக டி-ஷர்ட், காலண்டர் விக்கறவங்க பண்ணக்கூடாத தப்புங்க

போன ஞாயித்துக்கெழம காட்பாடிலேர்ந்து ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்திருந்துச்சு. காலேஜ் ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல் பக்கத்துல ஆறு பூனைக்கு சோறு வைக்குது, அதுங்களுக்கு ஆபரேஷன் பண்ண காசு சேக்கணும்னு டி-ஷர்ட் போடப் போகுதாம். போன்ல திருப்பூர் கொட்டேஷன காட்டி "அக்கா, 300 பீஸ் எடுத்தா ஒண்ணுக்கு 40 ரூபா கொறையுது, எடுத்துரலாம்ல?"ன்னு கேட்டுச்சு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. அதே வார்த்தைய, அதே சந்தோஷத்தோட, நாலு வருஷத்துக்கு முன்னாடி நானும் சொல்லிக்கினு இருந்தேன்.

வேலூர் சத்துவாச்சாரில எங்க வீட்டு ஹால்லேர்ந்துதான் இந்த வியாபாரம் நடக்குது. டி-ஷர்ட், துணிப்பை, ஸ்டிக்கர், காலண்டர், எல்லாத்துலயும் நாங்க எடுத்து வளத்த பூனைங்க படம்தான். வர்ற காசு தெருப்பூனைங்களோட கருத்தடை ஆபரேஷனுக்கும் தடுப்பூசிக்கும் போகுது. போட்டோ நல்லா எடுங்க, மெசேஜுக்கு ஒடனே பதில் போடுங்க, இன்ஸ்டால டெய்லி ஏதாவது போடுங்கன்னு சொல்ல நெறைய பேர் இருக்காங்க, அதையெல்லாம் நான் திருப்பி எழுதல. புதுசா வர்ற எல்லாருமே போய் விழற குழி வேற இருக்கு.

மொத்தமா எடுத்தா சீப்புன்னு ரெஸ்க்யூ காச ஸ்டாக்ல போடறது

இத நெனைச்சா இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கல, அதனால நீளமாவே சொல்றேன்.

அந்த வருஷம் பிப்ரவரில கைல 58,000 ரூபா இருந்துச்சு. காலண்டர் வித்தது, துணிப்பை வித்தது, தெரிஞ்சவங்க குடுத்ததுன்னு கொஞ்சம் கொஞ்சமா சேந்தது. அவ்ளோ பணத்த ஒண்ணா பாத்ததே அப்பதான். 60 டி-ஷர்ட் போட்டா பீஸ் 260, 240 போட்டா பீஸ் 215ன்னு சொன்னாங்க. 45 ரூபா மிச்சம், 240க்கு 10,800 ரூபா, அதுலயே ரெண்டு மூணு பூனைக்கு ஆபரேஷன் பண்ணிரலாமேன்னு கணக்கு போட்டு 51,600 ரூபாய ஒரே நாள்ல அனுப்பிட்டேன். எஸ், எம், எல், எக்ஸ்எல் ஒவ்வொண்ணுலயும் 60. யாருக்கு எந்த சைஸ் வேணும்னு ஒருத்தர்கிட்ட கூட கேக்கல.

மார்ச் மொத வாரம் சரக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல இத வாங்கறது பெரும்பாலும் காலேஜ் பசங்க, அவங்க எல்லாரும் லூசாத்தான் போடறாங்க, அதனால எல்லும் எக்ஸ்எல்லும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, எஸ் அப்படியே கெடந்துச்சு. ஏப்ரல் முடியறப்ப வித்தது 61. அப்புறம் பரீட்சை, லீவு, ஊருக்குப் போய்ட்டாங்க, காட்பாடி ரோடே காலியாயிடுச்சு. பூனை வேலையில இதுதான் பெரிய சிக்கல். காசு வர்றது நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும், செலவு எகிர்றது ஏப்ரல், மே. வேலூர் வெயில உங்களுக்கு சொல்ல வேணாம், குட்டிங்க சாக்கடையோரமும் பைக் சீட்டுக்கு அடியிலயும் கெடந்து கத்தறதும் சரியா அந்த நேரத்துலதான். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய தாண்ட கைல ரொக்கம் வேணும். என் ரொக்கம் எல்லாம் கருப்பு கலர் காட்டன் துணியா மாறி அடுக்கி வச்சிருந்துச்சு.

மே ரெண்டாவது வாரம் வீட்ல 7 குட்டிங்க இருந்துச்சு, எட்டு வாரக் குட்டிங்க. பூனைக்குட்டிக்கு 6லேர்ந்து 8 வாரத்துலயே மொத தடுப்பூசி போட்டுரணும், அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒருதரம்னு 16 வாரம் வரைக்கும் போகணும். இது எனக்கு நல்லாவே தெரியும். ஒரு ஊசி 800 ரூபா, ஏழுக்கு 5,600. கைல 3,100தான் இருந்துச்சு. "இன்னும் பத்து டி-ஷர்ட் போயிடுச்சுன்னா போட்டுரலாம்"னு தள்ளி வச்சேன். இந்த ஒரு வரிதான் என்னால மன்னிக்க முடியாத வரி.

டெய்லி காலைல குட்டிங்கள சமையல் தராசுல வச்சி எடை போட்டு நோட்ல எழுதுவேன். பட்டாணின்னு ஒரு குட்டி, மூக்குல கருப்பு மச்சம். ஒரு நாள் 640 கிராம் காட்டுச்சு, மறுநாள் 610. வெயில்ல வயிறு சரியில்லன்னு நெனைச்சேன். அதுக்கடுத்த நாள் 570, மஞ்சளா நுரை வாந்தி, தண்ணிக் கிண்ணத்துக்கு முன்னாடி தலைய தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருக்கு, குடிக்கல, சும்மா தண்ணியவே பாத்துக்கினு இருக்கு. அந்த மாதிரி ஒரு குட்டி உக்காந்தா ஒரு நிமிஷம் கூட யோசிக்காதீங்க, டாக்டர்கிட்ட ஓடுங்க. அது பான்லியூகோபீனியா, நாய்க்கு வர்ற பார்வோவோட சொந்தக்கார வைரஸ். வெள்ளை அணுவெல்லாம் கொறைஞ்சு குடல் வெந்து போயிடும். நான் ரெண்டு நாள் காசப் பாத்து காத்திருந்துட்டு மூணாவது நாள் கடன் வாங்கிக்கினு போனேன். ஏழுல ரெண்டு பொழைச்சுது. பட்டாணி போயிடுச்சு.

காசு இருந்திருந்தா ஏழும் பொழைச்சிருக்கும்னு நான் சொல்ல வரல, அந்த வியாதி வந்துட்டா குட்டிங்கள காப்பாத்தறது ரொம்ப கஷ்டம். ஆனா ஊசி போட்டிருந்தா வியாதியே வராம போயிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு, அதுக்கு வேண்டிய 5,600 ரூபா என் வீட்லயே, அதே ரூம்லயே, டி-ஷர்ட்டா மடிச்சு வச்சிருந்துச்சு.

ஆமா, அதே ரூம்ல. 240 டி-ஷர்ட்டுக்கு ஹால்ல எடம் பத்தல, குட்டிங்க ரூம்ல அடுக்கினேன். இந்த வைரஸ் துணிலயும் தரைலயும் சாதாரண சூட்டுல ஒரு வருஷம் வரைக்கும் கூட உயிரோட இருக்கும். பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் அசையாது, அதோட அந்த ரெண்டுமே பூனைக்கு விஷம், பூனை இருக்கற வீட்ல தொடவே தொடாதீங்க. ப்ளீச்ச தண்ணில கலந்து பத்து நிமிஷம் ஈரமா விட்டாதான் சாகும். கருப்பு டி-ஷர்ட்ட ப்ளீச்சுல முக்கினா என்ன ஆகும்னு தெரியும்ல? நம்மகிட்ட வாங்கறவங்க யாரு, பூனை வளக்கறவங்க. அவங்க வீட்டுக்கு அந்தத் துணிய எப்படி அனுப்புவேன்? மீந்த 179ல கவர் பிரிக்காத 40 பீஸ மட்டும் கவருக்கு மேல ப்ளீச் போட்டு தொடச்சி எடுத்தேன். மீதி 139, குட்டிங்க ஏறி படுத்து தூங்கினதுங்க, மூட்டை கட்டி மாடி ரூம்ல போட்டேன். அப்புறமும் விக்க மனசு வரல. ஊசி போட்ட பெரிய பூனைங்களுக்கு விரிப்பா கிழிச்சு போட்டேன். 29,885 ரூபா அது. பீஸுக்கு 45 ரூபா மிச்சம் பண்ணப் போனவ.

இப்ப எப்படி பண்றேன்னா, டிசைன போட்டு பத்து நாள் ஆர்டர் மட்டும் எடுப்பேன், காசு முன்னாடியே வாங்கிருவேன், எத்தன பேர் எந்த சைஸோ அத்தன மட்டும்தான் அடிப்பேன். 30 பீஸுக்கு மேல சேந்தா ஸ்கிரீன் பிரிண்ட், அதுக்குக் கீழன்னா டிடிஎஃப், அதாவது பிலிம்ல படத்த அடிச்சு சூடு வச்சு துணில ஒட்டறது, அதுக்கு மினிமம் ஆர்டர் கெடையாது, பீஸுக்கு கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும். "இன்னும் வரலயா"ன்னு கேட்டு தொளைக்கத்தான் செய்வாங்க, மூணு வாரம் ஆகும்னு ஆர்டர் எடுக்கறப்பவே சொல்லிட்டா முக்காவாசி பேர் பொறுத்துப்பாங்க. பேங்க்ல ரெண்டு அக்கவுண்ட். ஒண்ணு வியாபாரத்துக்கு. இன்னொண்ணு பூனைங்களுது, அதுல ஜிபே போடல, கார்டும் வாங்கல, பாஸ்புக் எடுத்துக்கினு நேர்ல போனாதான் காசு எடுக்க முடியும். மார்ச் மாசம் பொறக்கறப்ப அந்த அக்கவுண்ட்ல பத்து குட்டிக்கு மொத ஊசியும் ஒரு அவசர வைத்தியத்துக்கும் பணம் இருக்கணும், இல்லன்னா புது டிசைனே கெடையாது. தராசும் இப்ப ரெண்டு, பார்சலுக்கு ஒண்ணு, குட்டிங்களுக்கு ஒண்ணு. ஸ்டாக் எங்க அம்மா ரூம் பீரோல, பூனை அந்தப் பக்கமே போவாது.

"முழு காசும் பூனைக்கே"ன்னு எழுதறது

நல்ல மனசுலதான் எழுதறாங்க, ஆனா அது உண்மையா இருக்கவே முடியாது. 400 ரூபா டி-ஷர்ட்ல துணி, பிரிண்ட், கவர், ஸ்டிக்கர்னு 280 போயிடுது, மீதி 120. முழுசும் பூனைக்குக் குடுத்துட்டா ஒரு பீஸ் கறையா வந்தாலே கைலேர்ந்து போடணும். முழு லாபம்னு எழுதினாலும் லாபம்னா எவ்ளோன்னு கேப்பாங்க, கேக்கறது நியாயம்தான். ரூபாய்ல சொல்லிருங்க. நான் "ஒரு சட்டைக்கு 100 ரூபா ஆபரேஷனுக்கு"ன்னு சீட்டுலயே அச்சடிக்கறேன், மாசக் கடைசில எந்தப் பூனைக்கு எவ்ளோ ஆச்சுன்னு பில்லோட போடறேன்.

வருமான வரில கழிச்சுக்கறதுக்கு 80ஜி ரசீதும் கேப்பாங்க. அது அதுக்குன்னு பதிவு பண்ண டிரஸ்ட் குடுக்கறது, அதுவும் நன்கொடைக்கு. சட்டை வாங்கறது நன்கொடை இல்ல. பக்குவமா சொல்லிருங்க, மழுப்பாதீங்க.

காபி மக்

வேணாம். மக்கும் பெட்டியும் சேத்து 420 கிராம்தான் இருக்கும், ஆனா ஒடையாம இருக்க பபிள் ஷீட் சுத்தி 18க்கு 16க்கு 15 சென்டிமீட்டர் டப்பால வச்சா கூரியர்காரங்க நீளம் அகலம் உயரத்த பெருக்கி 5000ஆல வகுப்பாங்க, 864 கிராம் வரும், அரை கிலோ ஸ்லாப தாண்டி ஒரு கிலோ காசு. அதுலயும் பத்துக்கு ஒண்ணு காது ஒடைஞ்சு போய் சேரும். துணியும் காகிதமும் போதும்.

தோல் கீசெயின்

ராணிப்பேட்டை, ஆம்பூர்னு நம்மள சுத்தி தோல் தொழில்தான், வெட்டுத்துண்டு சல்லிசா கெடைக்கும். ஒரு தம்பி அதுல பூனை மூஞ்சி அச்சு போட்டு அழகா பண்ணியிருந்தான். மொத நாளே வந்த கேள்வி, "உயிர காப்பாத்தறேன்னு சொல்லிட்டு தோல விக்கறீங்களா?" அவனுக்கு பதில் சொல்ல முடியல. எனக்கும் தெரியல. கேன்வாஸ் துணில பண்ணுங்க.

பூனைக் கழுத்து பெல்ட்

இழுத்தா தானா கழண்டுக்கற கிளிப் இல்லாம விக்காதீங்க. ஜன்னல் கம்பில மாட்டி தொங்கிடும்.

நெட்ல எடுத்த படம்

ஹலோ கிட்டி சான்ரியோ கம்பெனியோட சொத்து. உங்க தெருப்பூனைய படம் புடிங்க.

வெளி மாநிலத்துக்கு பார்சல்

நம்ம ஊர்ல இது சீக்கிரமே வரும், ஏன்னா சிஎம்சிக்கு வைத்தியம் பாக்க வங்காளத்துலேர்ந்தும் வடகிழக்குலேர்ந்தும் அவ்ளோ குடும்பம் வருது. மாசக்கணக்குல லாட்ஜ்ல தங்கறவங்க, பூனைப் பை ஒண்ணு வாங்கிட்டு ஊருக்குப் போய் "இன்னும் ரெண்டு அனுப்புங்க"ன்னு கேப்பாங்க. பொருள் விக்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி வேணாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது தமிழ்நாட்டுக்குள்ள விக்கற வரைக்கும்தான். மாநிலம் தாண்டி பொருள் வித்தா மொத ரூபாய்லேர்ந்தே பதிவு வேணும், சில கைவினைப் பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. கல்கத்தாவுக்கு பார்சல் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிருங்க.

காலண்டர லேட்டா ஆரம்பிக்கறது

டிசம்பர்ல காலண்டர் யோசிக்கறவங்க ஜனவரில அத பழைய பேப்பருக்குத்தான் போடணும். சிவகாசில ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளிய வந்துரும், அப்பவே ரேட் பேசி வச்சிருங்க. மொத வருஷம் நான் மாசத்துக்கு ஒரு பூனை வச்சு வழுவழுன்னு அடிச்சு, எதிர் வீட்டு அம்மாவுக்கு மொத காலண்டர் குடுத்தேன். கண்ணாடிய மாட்டிக்கினு பொறுமையா பொரட்டிப் பாத்தாங்க. "படம்லாம் நல்லாத்தான் கீதும்மா, அமாவாசை எங்க கீது? ராகு காலம் இன்னா நேரம்னு நான் எங்க போய் பாக்கறது?"ன்னு கேட்டாங்க. அடுத்த வருஷம் ஒவ்வொரு தேதிக்கும் கீழ அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை போட்டு, ஓரத்துல ராகு காலம் எமகண்டம் பட்டியல் வச்சேன். எங்க தெருவுலயே 22 காலண்டர் போச்சு, அதுல முக்காவாசி வீட்ல பூனையே கெடையாது. எதிர் வீட்டு அம்மா சமையலறைல மாட்டியிருக்காங்க, பால் கணக்கு எழுதறது அதுலதான். மே மாசத்துக்கு பட்டாணி படம்.

காட்பாடி பொண்ணு நேத்து மெசேஜ் பண்ணுச்சு. 300 ஆர்டர நிறுத்திட்டு முன்பதிவு ஆரம்பிச்சிருக்கு. நாலு நாள்ல 34 பேர், அதுல 19 எக்ஸ்எல், எஸ் ரெண்டே ரெண்டு.