மும்பையில் கோழிக் குழம்பு: மிளகாய்க் கடையில் ஏமாறாதீர்கள்

மும்பைக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஓட்டல் சாப்பாடு அலுத்துப்போய், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைக்கத் துணிவார்கள். அதற்கு முன் சில வேலைகள். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி அது கட்டாயம். அசைவம் சமைக்கலாமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் நேரில் கேளுங்கள். தரகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். எரிவாயு இணைப்பு கிடைக்கும்வரை, அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கி ஓட்டலாம்.

சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், கல்பாசி எல்லாம் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே கிடைக்கும். தாராவி 90 அடி சாலையில் தமிழிலேயே பேரம் பேசலாம். கோழிக்கடையில் சொல்லும் விலை உயிர் எடைக்கா, உரித்த எடைக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோலோடு வேண்டுமென்றால் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி, பணம் போகிற இடத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்து அம்மா அரைத்துக் கொடுத்த குழம்புத்தூள் தீர்ந்ததும் எல்லோரும் மும்பையின் மசாலாச் சந்தையான லால்பாக் போகச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். கோடையில் மராத்திக் குடும்பங்கள் ஒரு வருடத்துக்கான மசாலாவை அங்கேதான் இடித்து வாங்குகின்றன. மிளகாய் மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கும். என் அறை நண்பன் அங்கே போய் "நல்ல சிவப்பாகக் கொடுங்கள்" என்றான். கடைக்காரர் மீது குற்றமில்லை, கேட்டதைக் கொடுத்தார்: காஷ்மீரி மிளகாய், அதுவும் இருப்பதிலேயே விலை கூடியது. மல்லியோடு சேர்த்து இடித்து, பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தான்.

குழம்பு கல்யாணக் கூரைப்புடவை நிறத்தில் கொதித்தது. வாயில் வைத்தால் காரமே இல்லை. இன்னும் ஒரு கரண்டி, மேலும் ஒரு கரண்டி என்று தூளைக் கொட்டக் கொட்ட, குழம்பு களியாகி, வேகாத மல்லித்தூள் வாடையும் கசப்பும்தான் மிஞ்சின. சாப்பிட அழைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், "தம்பி, ஊறுகாய் இருக்கிறதா?" என்று கேட்டார். கோழிக் குழம்புக்கு ஊறுகாய்!

காஷ்மீரி, பியாட்கி என்ற மிளகாய் வகைகள் நிறத்துக்கு. குண்டூர் மிளகாய் காரத்துக்கு. பியாட்கியின் தோல் சுருங்கிச் சுருண்டிருக்கும், குண்டூர் வழவழப்பாக மின்னும். சந்தேகம் வந்தால் ஒன்றைக் கிள்ளி, விதை ஒட்டியிருக்கும் வெளிறிய நரம்பை நாக்கில் வைத்துப் பாருங்கள். காரம் குடியிருப்பது அங்கேதான். எங்கள் வீட்டுக் கணக்கு: மல்லி 1 கிலோ, குண்டூர் 300 கிராம், பியாட்கி 200 கிராம், சீரகமும் சோம்பும் மிளகும் தலா 100 கிராம், விரலி மஞ்சள் 50 கிராம். வறுத்துத் தருகிறோம் என்பார்கள். வேண்டாம், நாமே வெயிலில் காயவைத்துக் கொண்டுபோவது நல்லது. இடிக்கும் மில்லில், உங்களுக்கு முன்னால் யாராவது கரம் மசாலா இடித்திருந்தால் கொஞ்சம் பொறுத்து, அடுத்த ஆள் மிளகாய் இடித்த பிறகு கொடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு உங்கள் சாம்பாரில் கிராம்பு மணக்கும்.

தூள் சரியாக இருந்தால் குழம்பு ஒரு வேலையே இல்லை. நல்லெண்ணெயில் பட்டை, சோம்பு, கல்பாசி, கறிவேப்பிலை தாளித்து, கால் கிலோ சின்ன வெங்காயத்தை நிறம் மாற வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி, பிறகு மஞ்சள் தடவிய ஒரு கிலோ கோழி. கோழி தானே தண்ணீர் விடும். அதற்குள் சொம்பைத் தூக்காதீர்கள். மூன்று தேக்கரண்டி தூளும் உப்பும் போட்டுப் பிரட்டி, அளவாக வெந்நீர் ஊற்றி மூடினால் பிராய்லர் 25 நிமிடத்தில் வெந்துவிடும். அரைமூடித் தேங்காயைக் கசகசாவோடு அரைத்துவிட்டு, எண்ணெய் மேலே மிதந்ததும் இறக்குங்கள்.

மிளகாயை மே மாதத்துக்குள் வாங்கி இடித்துவிடுங்கள். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் இந்த ஊரில் காயவைக்க வெயில் இருக்காது. வெயில் அடித்தாலும் மொட்டை மாடிச் சாவியை சொசைட்டி (குடியிருப்போர் சங்க) செயலாளர் தரமாட்டார்.