பூச்சியை கிட்டப்போய் படம் எடுக்கணுமா? லென்ஸ் அப்புறம், முதல்ல லைட்டு

பூச்சி படம் எடுக்க ஆரம்பிக்கிற எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த லென்ஸ் வாங்கலாம்னுதான், நானும் அப்படித்தான் கேட்டேன், லென்ஸ் வாங்கி ஆறு மாசம் கண்றாவியா படம் எடுத்ததுக்கு அப்புறம்தான் பிரச்சினை லென்ஸ்ல இல்ல, லைட்லன்னு புரிஞ்சுது.

லென்ஸ் கதையை சீக்கிரமா முடிச்சுடுறேன். காசு இருந்தா 100 எம்எம் மேக்ரோ, 1:1 வரைக்கும் போகும், அதாவது பூச்சியோட நிஜ சைஸே சென்சார்ல விழும். இல்லன்னா கையில இருக்கிற 50 எம்எம் லென்ஸுக்கு பின்னாடி மொத்தம் 50 எம்எம் அளவுக்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுற வெத்துக் குழாய்) போட்டாலே 1:1 வந்துடும், ஆனா பூச்சி மூக்குக்கிட்ட போய் நிக்கணும். கொஞ்சம் நீளமான லென்ஸ் வச்சிருக்கீங்கன்னா ரேனாக்ஸ் டிசிஆர்-250 மாதிரி ஒரு க்ளோஸப் லென்ஸை முன்னாடி மாட்டிக்கலாம், அது 8 டயாப்டர் (பெருசாக்குற பவரோட அளவு), நல்லாவே இருக்கும். இதுல எதுவா இருந்தாலும் பரவால்ல.

இப்ப விஷயத்துக்கு வருவோம். 1:1-ல அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ்ல லைட்டு நுழையுற ஓட்டையை, எஃப்/11-னு சின்னதா வச்சா கூட (எஃப் நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாகும்) ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் கேமரால ஷார்ப்பா வர்ற ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். அதனால அப்பர்ச்சரை சின்னதாக்கியே ஆகணும், ஆக்குனா லைட்டு பத்தாது, லைட்டு பத்தலன்னு ஷட்டரை மெதுவாக்குனா கை ஆடுறது, காத்துல இலை ஆடுறது எல்லாம் படத்துல வந்துடும். சரின்னு எஃப்/22-க்கு போயிடாதீங்க, 1:1-ல எஃப்/11-ங்கிறதே எஃப்/22 மாதிரிதான் வேலை செய்யும், அதுக்கு மேல போனா டிஃப்ராக்ஷன்ல, அதாவது சின்ன ஓட்டையில லைட்டு சிதறுறதுல, படமே மசமசன்னு ஆயிடும்.

ஆக வழி ஃபிளாஷ்தான். மேனுவல் மோடு, ஷட்டர் 1/160 இல்ல 1/200, எஃப்/8-ல இருந்து எஃப்/11, ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 200, ஃபிளாஷ் 1/16 பவர், இங்க இருந்து ஆரம்பிங்க. பவர் கம்மியா இருந்தா ஃபிளாஷ் அடிக்கிற நேரமும் ரொம்ப குறையும், அந்த மின்னல் மாதிரி வெட்டுற வெளிச்சம்தான் அசைவை நிறுத்துது, ஷட்டர் இல்ல.

ஆனா வெறும் ஃபிளாஷ் அடிக்காதீங்க சாமி. என்னோட முதல் பொறிவண்டு படத்துல முதுகு நடுவுல வெள்ளையா ஓட்டை விழுந்த மாதிரி ஒரு புள்ளி, சுத்தி கன்னங்கரேல்னு நிழல். வண்டு முதுகுங்கிறது ஒரு குட்டிக் கண்ணாடி, உங்க லைட்டு என்ன ஷேப்போ அதை அப்படியே காட்டிக் குடுத்துடும். டிஃப்யூசர், அதாவது ஃபிளாஷ் வெளிச்சத்தை பரப்பி விடுற மறைப்பு, பெருசா இருக்கணும், பூச்சிக்கு எவ்ளோ கிட்ட வர முடியுமோ அவ்ளோ கிட்ட வரணும், ரெண்டும் சேந்தாத்தான் லைட்டு சாஃப்ட்டா விழும். நான் சிப்ஸ் டப்பாவோட உள்பக்கம் பளபளன்னு இருக்குமே, அதை சாய்வா வெட்டி ஃபிளாஷ்ல மாட்டி, டப்பா வாயில ரெண்டு லேயர் டிரேசிங் பேப்பர் ஒட்டி வச்சிருக்கேன், பாக்க கேவலமா இருக்கும், படம் நல்லா வரும். சரியா வேலை செய்யுதான்னு பாக்க பூச்சி தேவையில்ல, ஸ்பூனோட முதுகை எடுத்துப் பாருங்க, அதுல தெரியுற வெள்ளை ஓரத்துல மெதுவா கரைஞ்சா ஓகே, வெட்டுன மாதிரி நின்னா இன்னொரு பேப்பர் ஒட்டுங்க.

பின்னாடி ஒண்ணும் இல்லன்னா பேக்ரவுண்டு கருப்பாத்தான் வரும், ஏன்னா ஃபிளாஷ் வெளிச்சம் அவ்ளோ தூரம் போகாது. ஒரு இலையை பின்னாடி கிட்ட பிடிச்சுக்கோங்க, தீந்துது.

ஃபோகஸ் ஆட்டோல வேண்டாம். எவ்ளோ பெருசா வேணுமோ அங்க ஃபோகஸ் ரிங்கை நிறுத்திட்டு உடம்பை முன்னாடி பின்னாடி லேசா ஆட்டி, கண்ணு ஷார்ப்பாகிற நொடியில க்ளிக். பூச்சி உக்காந்திருக்கிற காம்பை இடது கை விரல்ல மெதுவா பிடிச்சு, அதே கை மேலேயே லென்ஸை சாய்ச்சு வச்சா கேமராவும் பூச்சியும் சேந்தே ஆடும், காத்தடிச்சாலும் கவலை இல்ல. இந்த ஒரு டெக்னிக்ல எனக்கு தேறுற படம் டபுள் ஆச்சு.

விடியக்காலைல போங்க. குளிர்ல பூச்சிங்க மந்தமா இருக்கும், தட்டாம்பூச்சி றெக்கை முழுக்க பனித்துளியோட அப்படியே உக்காந்திருக்கும், தனியா வாழுற தேனீ வகைகள்ல சிலது காம்பைக் கடிச்சுக்கிட்டே தூங்கும். வெயில் ஏறிட்டா உங்க நிழல் அது மேல விழாம, மெதுவா போகணும். பழகணும்னா குதிக்கிற சிலந்தி பெஸ்ட், பயந்து ஓடாம சில சமயம் திரும்பி லென்ஸையே முறைக்கும், முன்னாடி இருக்கிற ரெண்டு பெரிய கண்ணும் ஷார்ப்பா விழுந்துட்டா மத்தது எப்படி இருந்தாலும் படம் பாஸ். எறும்பு கிட்ட ஆரம்பிக்காதீங்க, நிக்கவே நிக்காது, வெறுத்துடுவீங்க.

சிலர் பூச்சியை ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுக்க சொல்வாங்க, செய்யாதீங்க, கால் ஒடுங்கி உக்காந்திருக்கிறது படத்துலயே அசிங்கமா தெரியும், செத்தும் போகலாம்.

அப்புறம் எஃப்/11-ல சென்சார் தூசி எல்லாம் புள்ளி புள்ளியா தெரியும், அதை முட்டைன்னு நினைச்சு நான் ஒரு வாரம் சந்தோஷமா இருந்தேன், கிளம்புறதுக்கு முன்னாடி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து பாத்துக்கோங்க.