கோடைத் தொடக்கத்தில் கணவாய்க்கு ஒருநாள் நடை: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

அடிவாரத்தில் கோடை வந்துவிட்ட பிறகும் கணவாயில் பனி கிடக்கும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது என்பதே அதற்குக் காரணம். தெளிவான பாதை உள்ள, பனியாற்றைக் கடக்கத் தேவையில்லாத கணவாய்க்கு விடியலில் கிளம்பி அன்றே திரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். காலணி வாங்குவதும் பை அடுக்குவதும் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

1. வரைபடம்

கடைசி ஏற்றம் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வடகோளத்தில் வடக்கு நோக்கிய சரிவில் பனி நெடுநாள் தங்கும். அந்தச் சரிவு 30 பாகைக்கு மேல் செங்குத்தாக இருந்து, பனியும் மூடியிருந்தால், அந்தக் கணவாயைச் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடுவதே சரி.

2. நேரக் கணக்கு

பலரும் தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இந்தப் படியில்தான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஒருவழித் தூரம் 8 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால் ஏறுவதற்கு 3 மணி 6 நிமிடம் ஆகும். இது பயிற்சி பெற்ற கால்களுக்கான கணக்கு என்பதால், புதியவர்களும் பனியில் நடப்பவர்களும் இதில் பாதியைக் கூட்டி, 4 மணி 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். காலை 5 மணிக்குப் புறப்பட்டால் 9.40-க்குக் கணவாய். இறங்குவது எளிது என்று நினைத்து அதற்கான நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள். இளகிய பனியிலும் சரளைக் கல்லிலும் முழங்கால் வேகத்துக்கு இடம் கொடுக்காது. ஏறும் நேரத்தில் முக்கால் பங்கை அதற்கு ஒதுக்குகிறேன்.

இந்தக் கணக்கிலிருந்து திரும்பும் நேரம் ஒன்றை எழுதிவையுங்கள். மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரள்வதால் என் வரம்பு 11 மணி. கணவாய் கண்ணெதிரே இருந்தாலும் அந்நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

3. பனியும் ஓடையும்

விடியலில் இறுகிக் கிடக்கும் பனி, வெயில் ஏறியதும் இளகி, இடுப்புவரை காலை விழுங்கும். பாறைகளின் ஓரத்திலும் ஓடைக்கு மேலும் உள்ள பனி அடியில் குழிந்திருக்கும் என்பதால் விலகி நடக்க வேண்டும். கணவாயின் விளிம்பில் காற்று பின்னிய பனிக்கூரை வெறும் வெளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே படம் எடுக்க விளிம்புக்குப் போகாதீர்கள். இறுகிய, மிதமான சரிவுக்கு மைக்ரோஸ்பைக் (காலணியின் மேல் மாட்டிக்கொள்ளும், அடியில் சிறு முட்கள் உள்ள சங்கிலி) போதும். ஆனால் செங்குத்துச் சரிவுக்கு அது எந்த விதத்திலும் ஈடாகாது.

உருகுநீர் ஓடை காலையில் வற்றியும் பிற்பகலில் பெருகியும் ஓடும். எனவே போகும்போது கணுக்கால் அளவு நீரைப் பார்த்து மகிழாமல், திரும்பும்போது எங்கே கடப்பது என்பதை அப்போதே தேர்ந்துகொள்ளுங்கள். அகன்று, பல கிளைகளாகப் பிரியும் இடமே நல்லது. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையை நோக்கி நின்றபடி பக்கவாட்டில் அடி எடுத்து வையுங்கள்.

4. கருவிகள்

ஒரு நடைக்கம்பைவிட இரண்டு நடைக்கம்புகள் மேல். பருத்திச் சட்டை வேண்டாம்; நனைந்தால் உலராமல் உடல் சூட்டை உறிஞ்சும். புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 விழுக்காடுவரை திருப்பி அனுப்புவதால், பக்கமும் மூடிய கருங்கண்ணாடி இல்லாமல் போகக்கூடாது. வெயில் தடுப்புக் களிம்பை மூக்கின் அடிப்பகுதியிலும் பூசுங்கள்.

பின்சேர்க்கை: வரைபடத்தைக் கைபேசியில் வைத்திருந்தவர்கள் சிலர் மேலே மின்கலம் தீர்ந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். சிக்னல் தேடியே அது தீர்கிறது. வரைபடத்தை முன்பே தரவிறக்கிவிட்டு ஏர்பிளேன் மோடில் வையுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால் கைபேசியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காகித வரைபடத்தை அப்போதும் விட்டுவிட வேண்டாம்.